வண்டி வாய் மூடிய வாரம்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மனிதர் சத்தமே இல்லாமல் வந்து நின்றார். திருடனாக இருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். வந்து நின்றது என் வீட்டுக்காரர்!

அவர் வீட்டுக்கு அவர் வருவதில் என்ன அதிர்ச்சி என்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முதலில் அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இவரிடம் வந்து சேர்ந்தது. அதாவது, எனக்கு மூத்தாள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று எல்லாவற்றையும் தலைகீழாக வைத்திருந்த காலத்து வண்டி. மொத்தமே நாலு கியர். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதிலும் சேராமல் எங்கேயோ போய் மாட்டிக்கொள்ளும். அப்போது எஞ்சின் மட்டும் அலறும், வண்டி அதுபாட்டுக்குத் தளர்ந்து போகும்.

சத்தமா? வண்ணாரப்பேட்டைப் பாலம் இறங்கும்போதே பாளையங்கோட்டையில் இருக்கிற எங்களுக்குக் கேட்பதாக மாமா, அதாவது என் மாமனார், சொல்வார். அது கொஞ்சம் ஓவர். ஆனால் தெருமுனையில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் 'படார்' என்று ஒரு வெடி வெடிக்கும் பாருங்கள்... புதிதாகக் குடிவந்தவர்கள் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் 'படார்' எங்களுக்கு எவ்வளவு பெரிய வரம் என்று உங்களுக்குத் தெரியாது.

இவர் தங்கமான மனுஷர். கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். ஒரே ஒரு குணம்தான்... எதைப் பார்த்தாலும் ட்யூன் பண்ண வேண்டும். ஃபேன் வேகம், சாம்பார் உப்பு, டிவி சத்தம் எல்லாவற்றுக்கும் சரியான அளவு ஒன்று இவரிடம் இருக்கும். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற மகள் கோமுவுக்கு டைம் டேபிள். தாலுகா ஆபீசில் ஊரையே அதட்டி வேலை பார்த்து ரிட்டையர் ஆன என் மாமனாருக்கு, டாக்டர் கொலஸ்ட்ரால் என்று சொன்ன நாளிலிருந்து அவித்த சுண்டல்.

ஆனால் சாயங்காலம் இவர் வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் இருக்கிறதே, அது எங்கள் ராஜ்யம். மாமாவுக்கு ஒரே ஒரு ஆமவடை. எனக்கும் கோமுவுக்கும் கணக்கில்லை. வடையைவிட முக்கியம், மாமாவின் நடிப்பு. பால்காரர், எதிர்வீட்டு அக்கா, கோயில் குருக்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். குரல், நடை எல்லாம் அச்சு அசலாக வரும். எல்லாரையும்விட அவருக்குப் பிரமாதமாக வருவது யார் தெரியுமா? அவருடைய சொந்த மகன்!

தெருமுனையில் 'படார்' கேட்டதும் வடைத்தட்டு கட்டிலுக்கு அடியில் போகும். கோமு கையில் புத்தகம், மாமா மடியில் சுண்டல் கிண்ணம். இவர் கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது வீடு ஆசிரமம் மாதிரி இருக்கும். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. எத்தனையோ வருஷமாக அப்படியே நடந்து வந்தது.

அதில் மண்ணை அள்ளிப் போட்டது நான்தான்.

ஆழ்வார்குறிச்சியில் என் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, உச்சி வெயிலில், நடுவழியில் வண்டி நின்றுவிட்டது. நான் பட்டுச் சேலையில். இவர் உதைக்கிறார், உதைக்கிறார்... அது இருமுகிறது, அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம்! "ஒண்ணு இதைச் சரி பண்ணுங்க, இல்ல பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க!" என்று கத்திவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டிவிடுகிற சாமானாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் இட்லித் தட்டில்தான் பரப்பினார். குழிக்கு ஒரு சாமான். ஜெட் ஒரு குழியில், ஊசி ஒரு குழியில், ஸ்பிரிங் ஒரு குழியில்.

"இதுலதான் தொலையாம இருக்கும்" என்றார். நான் தொலைந்துபோனது அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் எங்கள் வீட்டில் உப்புமா.

கடைசியில் அந்தக் கார்புரேட்டர் தேறாது என்று, இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த மெக்கானிக் இசக்கி அண்ணாச்சி புதிதாக ஒன்று மாட்டினார். அதோடு விட்டாரா? கியர்பாக்ஸையும் இறக்கி, ஐந்து கியர் உள்ளதாக மாற்றி, கியரை இடது காலுக்கும் பிரேக்கை வலது காலுக்கும் கொண்டுவந்துவிட்டார். வண்டி மாறிவிட்டது. கால் மாற வேண்டாமா? கியர் என்று நினைத்து பிரேக்கை மிதித்து, முருகன்குறிச்சியில் நட்டநடு ரோட்டில் சடாரென்று நின்றிருக்கிறார். பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியளா?" என்று கேட்டாராம். இதை இவரே சிரிக்காமல் வந்து சொன்னார்.

ஒரு வழியாகக் காலும் பழகியது. காற்று ஒழுகிய இடத்தையெல்லாம் அடைத்து, சைலன்சருக்குப் புது பேக்கிங் போட்டு, ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து, வண்டி ஒரு நிலைக்கு வந்தது. எங்களுக்கும் சந்தோஷம்தான். சத்தம் போய்விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? இல்லையே!

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமா நல்ல ஃபார்மில் இருந்தார். ஒரு கையில் ஆமவடை. அதுதான் கார்புரேட்டர். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, மகன் குரலில், "கோமு, இங்க பாரு. காத்து கூடினா வெடிக்கும், பெட்ரோல் கூடினா பொகையும். மனுஷ வாழ்க்கையும் அப்படித்தான். நோட் பண்ணிக்கோ!" என்று வடையைத் திருகித் திருகிக் காட்டுகிறார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். மாமாவும் சேர்ந்து குலுங்கிச் சிரிக்கிறார்.

கோமுவின் சிரிப்பு திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் வாசலில் இவர், கையில் ஹெல்மெட்டோடு.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும். நேராகக் கால் கழுவப் போய்விட்டார். காபியும் வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு வீடாகவே இல்லை. இவர் வருவது தெரியாது என்பதால் நாலு மணியிலிருந்தே எல்லாரும் விறைப்பாக உட்கார்ந்திருப்போம். யார் கேட் சத்தம் கேட்டாலும் திடுக்கிடுவோம். மாமாவிடம் வடைத்தட்டை நீட்டினால், "வேண்டாம்மா, எனக்குச் சுண்டலே போதும்" என்றார். ஊரையே நடித்துக் காட்டிய மனுஷர் சுவரைப் பார்த்துக்கொண்டு சுண்டல் தின்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இனி அவர் இந்த வீட்டில் வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டாரோ என்று பயம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நேராக இசக்கி அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டேன். "அண்ணாச்சி, வண்டிக்குப் பழைய சத்தத்தையே திருப்பிக் குடுத்துருங்க. அந்த வெடி கட்டாயம் வேணும்."

அவர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மதினி, குடும்பத்தோட கெளம்பிட்டியளா? நேத்து அவன் வந்து இதையேதான கேட்டான்!"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரன்தான். 'ஏலே இசக்கி, நான் வாரது வீட்ல தெரியணும்லே. எங்கப்பா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்னியப் பாத்ததும் மூஞ்சி சுருங்கிப் போச்சு. பழையபடி வெடிக்க வச்சிரு'ன்னு ஒரே புலம்பல்."

கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அழுதுவிட்டேன். வேறென்ன செய்ய? இத்தனை வருஷம் கூட இருந்தும் இந்த மனுஷருக்குள் இது இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

"செஞ்சு குடுத்துட்டியளா அண்ணாச்சி?"

"நல்லா ட்யூன் பண்ண வண்டிய என் கையாலயே கெடுக்கச் சொல்லுதிய. அது என்னால முடியாது. 'எதுக்குலே ஆரன் வச்சிருக்கு, அமுக்கித் தொலை'ன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

வரும் வழியிலேயே ஆமவடை வாங்கிக்கொண்டேன். மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றை எடுக்க வைத்த நேரம், தெருமுனையில் நீளமாக ஒரு ஹாரன். அவ்வளவுதான், தட்டு கட்டிலுக்கு அடியில், கோமு புத்தகத்துக்குள்! காத்திருக்கிறோம்... கேட் திறக்கவில்லை. மறுபடியும் ஹாரன். அப்போதும் ஆள் வரவில்லை.

வெளியே போய் எட்டிப் பார்த்தேன். தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு டைம் கொடுக்கிறாராம்!

கிட்டே போனேன். "இங்கன என்ன செய்யுதிய?"

கிளாசுக்கு லேட்டாக வந்த பையன் மாதிரி என்னைப் பார்த்தார். "முடிச்சாச்சா?"

"இல்ல. இனிமேதான். வாங்க."

"நான் வந்தா அப்பா நிப்பாட்டிருவாங்க."

"நிப்பாட்டட்டும், நான் கேக்கேன். வாங்கன்னா வாங்க."

வண்டியை உருட்டிக்கொண்டே என்னோடு வந்தார். உள்ளே அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மாமாதான் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து தட்டை இழுத்து நீட்டினார். "ஏலே, ஆறதுக்குள்ள தின்னு."

இவர் ஒரு வடையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொலஸ்ட்ரால் பற்றிப் பாடம் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடித்துவிட்டுச் சொன்னார். "உப்பு கொஞ்சம் கூட இருக்கலாம்."

கோமுதான் முதலில் வெடித்தாள். பிறகு நாங்கள் எல்லாரும்.

"அப்பா, அன்னைக்குச் செஞ்சதை இன்னொரு மட்டம் செய்யுங்க" என்றார் இவர்.

"ஒன்னையா? போலே, ஒன்னையச் செஞ்சு செஞ்சு அலுத்துட்டு. இன்னைக்கு வேற ஆளு" என்று மாமா எழுந்தார். துண்டை முந்தானை மாதிரித் தோளில் போட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, குரலை ஏற்றினார். "பால் ஏன் பொங்கிச்சு? நான் கேக்கேன், ஏன் பொங்கிச்சு? நான் போன் பேசினதாலயா? இல்ல. பின்ன எதுனால? அடுப்பு சரியில்ல!"

இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியிலிருந்து சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அப்பாவும் மகனும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே ஆட்டம்.

நான் தட்டை 'டங்'கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்வேனாம். வாராவாரம் என்னைப் படிக்கிறீர்களே, நியாயத்தைச் சொல்லுங்கள்.

நான் அப்படியா பேசுகிறேன்? இல்லவே இல்லை.