143-ஆம் பக்கத்தில் அப்பா எழுதியது

அப்பா இறந்த முப்பத்தெட்டாம் நாள் வாசகர் வட்டத்துச் சாந்தி அக்கா யுகேந்திரனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"யுகேன், இந்த மாசம் உங்கப்பாவோட முறை. நீ வந்து பேசணும்."

"நான் என்னாக்கா பேசறது? நான் படிக்கிறதெல்லாம் மெஷின் மேனுவல்."

"அதையாச்சும் படிக்கிறியே, போதும்லா. ஞாயித்துக்கெழம பத்து மணி."

அலோர் காஜாவில் ஒரு தையல் கடையின் மாடியில் கூடும் வாசகர் வட்டம் அது. மாதத்துக்கு ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றி. தேர்ந்தெடுத்தவர் பேச வேண்டும். அவர் இறந்துபோனால் வீட்டில் ஒருவர் வந்து பேச வேண்டும். பேசி முடித்ததும், அட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் அடுத்த பெயர் யாருடையதோ அவரிடம் புத்தகம் போகும்.

அப்பா விட்டுப்போனவை இரண்டு. தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிய நாவல். தோட்டங்களில் சாதி பற்றிய ஆய்வு நூல்.

அப்பாவின் பெயர் கந்தசாமி. ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் மலாக்காவுக்கு வந்து, தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் கடிதம் பிரித்தார். தஞ்சோங் கிளிங் வீட்டில் அவர் வைத்திருந்த எல்லாப் புத்தகங்களும் யார் யாரை மிதித்தார்கள் என்பதைப் பற்றியவை. எந்த நாடு என்ற பேதமில்லை. யுகேந்திரன் அந்த அலமாரிக்கு 'அழுகைப் பிரிவு' என்று பெயர் வைத்திருந்தான்.

கட்டுரை என்றால் அப்பா மேசையில் உட்கார்ந்து, அடிக்கோலும் பென்சிலுமாகப் படிப்பார். நாவல் என்றால் படுத்துக்கொண்டு, பென்சில் இல்லாமல். ஏன் என்று ஒருமுறை கேட்டான்.

"கதையில கோடு போட்டா அந்தப் பொண்ணு மேலயே போடற மாரி இருக்குடா."

யுகேந்திரன் அதைக் கேட்டுவிட்டு, கோடு போட்டால் அழிக்கக்கூடிய மின்னூல் கருவி ஒன்றை அவருக்குச் சிபாரிசு செய்தான். அதுதான் இலக்கியம் பற்றி அவர்கள் பேசிய மிக நீண்ட உரையாடல்.

அவன் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். வயது நாற்பத்தாறு. புத்தகம் படிக்காவிட்டாலும் ஒடுக்குமுறை பற்றி நிறைய பேசுவான். கேண்டீனில் அவனுக்கென்று ஒரு மேசையே உண்டு. பதவி உயர்வு கிடைக்காத கதை, வாடகை வீடு மறுக்கப்பட்ட கதை, வெள்ளைக்காரத் துரை தாத்தா காலத்தில் செய்த கொடுமை, எல்லாம் அங்கே தேநீருடன் கிடைக்கும். ஒடுக்கப்பட்டவர்களின் பட்டியலில் முதலில் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இடம் தேடுவான்.

ஆகவே பேசுவது கஷ்டமில்லை என்று நினைத்தான். பதினோரு ஸ்லைடுகள் தயாரித்தான். தலைப்பு: 'நாம் பட்ட பாடு'. நாவலில் கடைசிப் பத்துப் பக்கங்களைப் படித்தான். முடிவு தெரிந்தால் போதும். ஆய்வு நூலில் நேராகச் சொல்லடைவுக்குப் போனான். அப்பா பிறந்த தோட்டத்தின் பெயர் அங்கே இருந்தது. பக்கம் 143. உடனே அந்தச் சொல்லடைவைப் படம்பிடித்துக் குடும்ப வாட்சாப்பில் போட்டான். பெரியப்பா பிள்ளைகள் எமோஜியில் கைகூப்பினார்கள், நெருப்புப் பறக்கவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 143-ஆம் பக்கத்தைத் திறந்தான்.

'சில சாதித் தொழிலாளர்களுக்கு மண்டோர் வீட்டின் பின்வாசலில் பழைய பால் டின்னில் தேநீர் ஊற்றப்பட்டது.' அதன் அருகே பென்சிலில், அப்பாவின் கையெழுத்து:

'நம் வீடுதான். ஊற்றியது நான். வயது பத்து. வாங்கியவன் மருதமுத்து.'

தாத்தா மண்டோராக இருந்தவர் என்பது யுகேந்திரனுக்குத் தெரியும். அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஹாலில் படமாக இருக்கிறார். வேலைக்காரர்களை மேய்க்கும் உத்தியோகம் என்ற அளவில் அவனுக்குப் பெருமைதான். அந்த உத்தியோகத்துக்கு ஒரு பின்வாசல் இருந்தது என்று அவன் யோசித்ததில்லை.

மருதமுத்து, சாந்தி அக்காவின் அப்பா.

அட்டையைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தான். கந்தசாமிக்கு அடுத்த பெயர்: சாந்தி.

சனிக்கிழமை மதியம். சமையலறை மேசையில் உட்கார்ந்து அழிப்பானை எடுத்தான். ஒழுங்காக வேலை செய்பவன் அல்லவா, ஆபத்தானதை முதலில் அகற்றினான். மருதமுத்து போனார். பத்து வயது போனது. 'ஊற்றியது நான்' போனது. 'நம்' என்ற சொல்லுக்கு வந்தபோதுதான் அந்த 'ந'வைக் கவனித்தான். அதன் வால் கொஞ்சம் அதிகமாக நீண்டு, நுனியில் வளைந்திருந்தது. மின்கட்டண ரசீதில், மருந்துப் பெட்டியில், இவன் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில், எல்லாவற்றிலும் அதே 'ந'.

இனி அது புதிதாக எங்கும் எழுதப்படாது. இருக்கும் கையிருப்பில் மூன்று வாக்கியங்களை அவனே அழித்திருக்கிறான்.

கைபேசி விளக்கைத் தாளின்மேல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். பென்சில் பதிந்த பள்ளத்தில் நிழல் விழும் என்பது கணக்கு. பள்ளமே இல்லை. அப்பா எதையும் அழுத்தி எழுதாதவர்.

அழிப்பான் துகள்களைக் கையில் வாரினான். என்ன செய்வதென்று தெரியவில்லை. அஸ்தியைக் கடலில் கரைக்கப் படகுக்காரர் இருந்தார், மந்திரம் சொல்ல ஐயர் இருந்தார். இதற்கு யாருமில்லை. திருகாணி போட்டுவைக்கும் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினான். அன்றைக்கு அவன் செய்த வேலைகளிலேயே அறிவுக்கு மிகவும் பொருந்தாத வேலை அதுதான். போட்டியும் கடுமையாக இருந்தது.

மறுநாள் மாடியில் ஒன்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் சாந்தி அக்கா. பக்கத்தில் ஜார்ஜ் அங்கிள், பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். 'நாம் பட்ட பாடு' திரையில் வந்தது. யுகேந்திரன் அதைச் சில விநாடிகள் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினான்.

"ஏன் தம்பி மூடிட்ட? இதுக்குன்னே புதுக் கண்ணாடி போட்டுட்டு வந்தேன்லா," என்றார் ஜார்ஜ்.

யுகேந்திரன் சொன்னான். 143-ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது, அப்பா என்ன எழுதியிருந்தார், இவன் எதை அழித்தான், யாருக்காக அழித்தான். மொத்தம் இரண்டு நிமிடம். அதற்குமேல் நீட்ட அவனுக்குத் தெரியாது.

சாந்தி அக்கா அவனையே பார்த்தாள்.

"டின்னா?"

"ஆமாக்கா. பால் டின்னு."

"நாவல படிச்சியா?"

"கடைசிப் பத்துப் பக்கம்."

"அடப்பாவி," என்றார் ஜார்ஜ். "கடைசி ஸ்டாப்புல ஏறி கடைசி ஸ்டாப்புலயே எறங்கிட்டியா?"

"நடுவுல படி," என்றாள் சாந்தி அக்கா. "அதுல செரட்ட. எங்கப்பாவும் செரட்டன்னுதான் சொல்லுவாரு. டின்னுன்னா மறுபடி எடுத்து வைக்கணும்ல, யாரு தொடுவா? செரட்டன்னா குடிச்சதும் தூக்கி எறிஞ்சிரலாம்."

தேங்காய்ச் சிரட்டை. யுகேந்திரனின் வாய் சும்மா இருக்கவில்லை. "நாவல் கற்பனைக்கா. இது ஆராய்ச்சி."

"யாரு வீட்டு முன்வாசல்ல உக்காந்து ஆராய்ச்சி பண்ணாரு? அடியில போட்டிருப்பாங்க, பாரு."

பார்த்தான். அடிக்குறிப்பு பொடி எழுத்தில் இருந்தது: 'மண்டோர் குடும்பத்தினருடன் நேர்காணல்.' கருவிகளின் சான்றிதழில் பொடி எழுத்தை முதலில் படிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

அப்பாவுக்கு அது சிரட்டை என்று தெரியாமல் இருந்திருக்குமா? ஊற்றிய கைக்கு எதில் ஊற்றினோம் என்று மறந்துபோகுமா? அல்லது குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் வீட்டிலிருந்த கொஞ்சம் நல்ல பாத்திரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டாரா? கேட்க முடியாது. அப்பா போன பிறகு முதல்முறையாக அவரிடம் கேட்க அவனுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"அழிச்சத திருப்பி எழுதிக் குடு," சாந்தி அக்கா பேனாவை நீட்டினாள். "எனக்குப் பாதிப் புத்தகம் வேணாம்."

மூன்று சின்ன வாக்கியங்கள், மனப்பாடமாகவே இருந்தன. அழியாமல் மிஞ்சியிருந்த 'நம் வீடுதான்' என்பதை மட்டும் தொடாமல் விட்டான். மீதியை அதன் கீழே எழுதினான். அதற்கும் கீழே, 'மருதமுத்து வீட்டில் சொன்னது: சிரட்டை.' கை நிற்கவில்லை. சான்றிதழில் எழுதும் பழக்கத்தில் இன்னொரு வரியும் வந்துவிட்டது: 'சரிபார்க்க ஆள் இல்லை.'

சாந்தி அக்கா வாங்கிப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"எங்க வீட்டுலயும் ஆளு இல்லடா. அப்பா போயி ஆறு வருசமாச்சு," என்றாள். புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாவலை அவன் பக்கம் தள்ளினாள். "இதுக்கு ஜார்ஜ் அங்கிளு முறைதான். பரவால்ல, காத்திருப்பாரு. மொதல் பக்கத்துலேருந்து படி."