மணல் உட்காரும் வேகம்

குடவாசல் பக்கத்துக் குளத்தில் தூர்வாரும் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வசந்தி மேடம் போய்விட்டார். முந்தின நாள் மாலைதான், “புது லைனுக்கு எவ்வளவு வேகம் வேணும்னு நாளைக்குச் சொல்றேன்ணே, அதுவரைக்கும் பம்பைத் தொடாதீங்க” என்றிருந்தார். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அந்தப் புது லைன் குறுவை நாற்றங்கால்களை ஒட்டிப் போகிறது. மணல் அடைத்து ஜாயின்ட் பிய்ந்தால் நாற்று அத்தனையும் சேற்றுக்குள்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மணலும் தண்ணீரும் கலந்து குழாயில் எப்படிப் போகும், எந்த வேகத்துக்குக் கீழே போனால் மணல் அடியில் படியும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுக் காட்டும் பொறியாளர் அவர். நான் பம்பு ஓட்டுபவன். கணக்கும் நானும் பத்தாம் வகுப்பிலேயே சமாதானமாகப் பிரிந்தவர்கள்.

மேடம் இருந்தபோது ஒருநாள் குளத்தங்கரை வழியே யாரோ ஒருவருடைய சாவு ஊர்வலம் வந்தது. மரியாதைக்கு எஞ்சினை நிறுத்தினோம். அதுதான் ஊர் வழக்கம். ஊர்வலம் போய்விட்டது, குழாயிலிருந்த மணல் போகவில்லை. ஓடிவந்த மேடம், “செத்தவங்க போய்ச் சேந்துடுவாங்கண்ணே, இது சேராதே!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு எங்களோடு உட்கார்ந்து குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் மணல் எவ்வளவு உயரம் படிந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் சொன்னதைவிட அதிகம்.

“மாடல் மேல தப்பில்லண்ணே. நான் நைஸ் மணல்னு சொன்னேன், அது நம்பிடுச்சு. இங்க இருக்கறது பருமணல்” என்று சிரித்தார்.

“உங்களுக்குப் பயமா இல்லீங்களா மேடம்?”

“பயந்தான். பயம் போயிட்டா நான் இந்த வேலைய விட்டுடணும்.”

மேடத்தின் காரியம் முடிந்த மறுநாள் கான்ட்ராக்டர் வந்து நின்றார். “பழைய வேகத்துலயே ஓட்டுங்கண்ணே. மேட்டூர் தண்ணி வந்துடும், அதுக்குள்ள தூர்வாரி முடிக்கணும்.” நாற்றங்கால்காரர் வரப்பில் நின்றபடி என் முகத்தையே பார்த்தார். “என்னங்க, ஓடுமா?”

“தெரியலைங்க” என்றேன். என் மகள் கேட்டிருந்தால், அப்பா பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் எழுதிய பதில் இதுதான் என்றிருப்பாள். மேடம் பாதியில் விட்ட கணக்கை அவருடைய ஆபீசில் முடித்துத் தரும்வரை பம்பு ஓடாது என்று சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். கான்ட்ராக்டர் கத்திக்கொண்டே இருந்தார். எனக்குப் பயந்தான்.

மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பயம்தான். அதை நான் விடுவதாக இல்லை.