தாமதமாகச் சோறு போடும் கடை

ஜொகூர் பாருவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல கடை எது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. ருசியைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லாமலில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், நான் அந்த ஊர்க் கடைகளை அளந்தது ஒரே ஒரு கணக்கில்தான். உட்கார்ந்த பிறகு சோறு வர எவ்வளவு நேரமாகிறது? எவ்வளவுக்கெவ்வளவு தாமதமோ, அவ்வளவுக்கவ்வளவு நல்ல கடை.

பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை. அப்போது எனக்குக் கொஞ்சம் பைத்தியம் பிடித்துத்தான் இருந்தது.

சிங்கப்பூருக்குக் கடலுக்கு மேல் பாலம் கட்டி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அப்பா ரயில் ஸ்டேஷனில் குமாஸ்தா. அவர் புதிதாக ஒரு சீர்திருத்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். அந்தச் சூட்டில், எனக்கு ஒரு வரன் வந்தபோது, "பொண்ணும் பிள்ளையும் பேசிப் பார்த்து முடிவு சொல்லட்டும்" என்று அறிவித்துவிட்டார். அம்மா அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை.

பிள்ளை சிங்கப்பூரில் ஒரு துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. பேசலாம் என்று அப்பா சொல்லிவிட்டார், சரி, எப்போது பேசுவது? ஜொகூரில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அக்கரையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. நடுவில் இருப்பது ஒரு பாலம், ஆனால் இரண்டு கரைக்கும் ஒரே லீவு நாள் என்று ஒன்று கிடையாது. என்னைத் தனியாக அக்கரைக்கு அனுப்பும் அளவுக்கு அப்பாவின் சீர்திருத்தம் முற்றவில்லை. ஆகவே அவர்தான் ஞாயிற்றுக்கிழமை இங்கே வரவேண்டும். அன்றைக்கு எனக்கு இருப்பது மத்தியானம் ஒரு மணி நேரம்.

வீட்டுக்கு வரச் சொல்லலாமே என்றால், அம்மா விடவில்லை. "சம்பந்தம் முடிவாகாம அந்தப் பிள்ளை இங்க கை நனைக்கக் கூடாது" என்றாள். அப்பாவின் சங்கமெல்லாம் இந்த ஒரு பேச்சின் முன்னால் நிற்கவில்லை. கடைசியில், சாப்பாட்டுக் கடையில், உச்சி வெயிலில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், அத்தையின் துணையோடு என்று முடிவாயிற்று. தெருவில் சேர்ந்து நடக்கக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது. நாலாவது ஞாயிறு சாயங்காலம் நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட வேண்டுமா? விட வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல பிள்ளையானாலும் வேண்டாம். அந்தத் தையல் வகுப்பு என் உயிர். முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் ஊசியில் நூல் கோக்கும்போது வகுப்பில் விழும் அந்த அமைதியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். மாமனார் கேட்டால் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? என் காதால் கேட்க வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

முதல் ஞாயிறு, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஊரிலேயே நல்ல கடை என்று பெயர். அத்தை அங்கே போகிறோம் என்று கேள்விப்பட்டதும் காலையில் பசியாறவே இல்லை, வயிற்றில் இடம் வைத்திருந்தாள். அவர் வந்தார். உயரம், கறுப்பு, நன்றாகத் தேய்த்த சட்டை. அத்தையைக் கும்பிட்டார், என்னைப் பார்த்து "வணக்கம் டீச்சர்" என்றார். உட்கார்ந்தோம். இலை விழுந்தது, அடுத்த மூச்சில் சோறு விழுந்தது. அவ்வளவுதான், மனிதர் வாயை மூடிக்கொண்டார். அதாவது சாப்பிடத் திறந்தார், பேசத் திறக்கவில்லை.

நான் வாயைத் திறந்தால் லேசில் மூடாத ஜாதி. வெயில், ரயில், பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்து, சாம்பார் முடிவதற்குள் கேட்டும் விட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்தானே?"

தலையாட்டினார். எனக்கு உள்ளே ஒரு துள்ளல். அதற்குள் பரிமாறுகிறவர் ரசத்தோடு வந்து நின்றார். அவரைப் பார்த்தும் அதே தலையாட்டல், அச்சு அசலாக அதே அளவு. எனக்குச் சந்தேகம் தட்டியது. "இல்லாட்டி வேலையை விட்டுடணுமா?" என்றேன். அதற்கும் தலையாட்டினார். "கூரை மேல ஏறிக் குதிக்கட்டுமா?" என்று கேட்க வாயெடுத்தபோது அத்தை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"கல்லுளிமங்கன்" என்றேன் திரும்பும் வழியில்.

"இருக்கட்டும்டி. கூட்டு என்னமா இருந்துச்சு பாத்தியா" என்றாள் அத்தை.

இரண்டாவது ஞாயிறு, கடற்கரைப் பக்கம் ராவுத்தர் கடை. பெண்பிள்ளைகள் வந்தால் உட்கார மூலையில் ஒரு திரை போட்டிருப்பார்கள். மீன் குழம்பு, கோழி, கத்தரிக்காய் எல்லாம் சட்டி சட்டியாக முன்னாலேயே தயாராக இருக்கும். கேட்பதற்கு முன்பே தட்டு வந்துவிட்டது. நான் பேச ஆரம்பித்தேன். அவர் இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார், போலீஸ்காரர் மாட்டு வண்டியை நிறுத்துகிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அவசரமில்லை, சிந்தலில்லை. குழம்பையும் சோற்றையும் அவர் பிசைவதைப் பார்த்தால், சமைத்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதுதான் வம்பு. பிடிக்காமல் இருந்திருந்தால் முதல் வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கை கழுவும் இடத்தில்தான் அவர் குரலையே முழுதாகக் கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். எங்க வீட்டுல சாப்பிடறப்ப பேசக் கூடாது. எங்கப்பா அப்படிப் பழக்கிட்டாரு. இப்ப நானே நினைச்சாலும் வார்த்தை வர மாட்டேங்குது."

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அத்தை சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பள்ளிக்கூட மணி அடிக்கப் பத்து நிமிஷம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் ஓடினேன்.

ஓடும்போதுதான் புத்தி வேலை செய்தது. சாப்பிடும்போது பேசமாட்டார். சாப்பிட்ட பிறகு நேரம் இல்லை. அப்படியானால் சாப்பிடுவதற்கு முன்னால்தான் பேச வேண்டும். அதற்குச் சோறு தாமதமாக வர வேண்டும். நான் நடுத் தெருவில் நின்று சிரித்தேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

மூன்றாவது ஞாயிறுக்கு நான் தேர்ந்தெடுத்தது ஹைலாம் சீனரின் கோப்பிக் கடை. அங்கே மீ என்கிற சீன சேமியாவை ஒவ்வொரு தட்டாகத்தான் பிரட்டுவார்கள், கடை முதலாளி தவுக்கேயும் நிதானமான ஆள். பன்றிக்கறி போட்ட சட்டி எது, போடாத சட்டி எது என்று தெரியாமல் அத்தை முகம் சுளித்து, ரொட்டியும் முட்டையும் மட்டும் போதும் என்றாள். அடுப்பில் நெருப்பு ஏறுவதற்குள் எங்களுக்கு எட்டு நிமிஷம் கிடைத்தது. அந்த எட்டு நிமிஷத்தில் அவர் பேசியதை நான் இன்றைக்கும் வரி விடாமல் சொல்வேன். கிராம்பு மூட்டை வந்த நாளில் கிடங்கில் எல்லோருக்கும் தும்மல் பிடித்துக்கொண்டதைச் சொன்னார். அவருடைய வெள்ளைக்கார அதிகாரி மூட்டைகளைக் கணக்கெடுக்கும்போது நடுவில் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதை நடித்தே காட்டினார். அப்படி ஒரு குறும்பு அந்த ஊமைக்குள் இருக்கிறது என்று யார் கண்டது? நான் சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. அத்தை என் தலையில் தட்டினாள்.

சிரித்துச் சிரித்து என் கேள்வியையே மறந்துவிட்டேன். நினைவு வந்து, "கல்யாணத்துக்கு அப்புறம் நான்..." என்று தொடங்கியபோது தவுக்கே இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தார். இடது உள்ளங்கை மேலே போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். இந்த ஊரில் ரொம்பத் தாமதமாகச் சோறு போடும் கடை எது? கூட வேலை பார்த்த மலாய்க்கார டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அலமாக்", அட கடவுளே, என்று பெருமூச்சு விட்டார். கடைசியில் பள்ளிக்கூடத்துக் காவல்காரர்தான் வழி சொன்னார், அதுவும் எச்சரிக்கையாக.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால மேட்டுல ஒரு புருஷன் பொண்டாட்டி வீட்டுலயே சாப்பாடு போடறாங்க. அங்க மட்டும் போயிடாதீங்க டீச்சர். நாம போய் உட்கார்ந்தப்புறம்தான் அரிசியே களைவாங்க."

அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. புதன்கிழமையே போய்ப் பார்த்தேன். காவல்காரர் பொய் சொல்லவில்லை. மீந்த சோற்றைக் கொட்ட மனசு வராமல், ஆள் வந்த பிறகே உலை வைப்பது என்று அந்த அம்மா ஒரு கொள்கை வைத்திருந்தார். சோறு வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. பசியில் எனக்குக் கண் இருட்டியது, ஆனால் மனசு பறந்தது. அரைமணி நேரத்தில் ஒரு கேள்வி என்ன, ஒரு வாழ்க்கையையே பேசி முடித்துவிடலாம்.

அத்தையிடம் மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அம்மா காதுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மேட்டு வீட்டில் சாப்பாடு என்று மட்டும் சொன்னேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

நாலாவது ஞாயிறு நாங்கள் மூவரும் உள்ளே நுழையும்போதே சாம்பார் வாசனை வந்தது. மூன்று இலை போட்டிருந்தது. இலை ஓரத்தில் உப்பு, ஊறுகாய், இரண்டு வகைக் காய், அப்பளம்கூட. அந்த வீட்டுக்காரர் சோற்றுப் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க டீச்சர். எல்லாம் சூடா இருக்கு" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை பெருமையாகச் சிரித்தாள்.

"நேத்து சாயங்காலமே வந்து சொல்லிட்டுப் போனேன்டி. முடிவு சொல்ற நாளாச்சே, மாப்பிள்ளையைப் பசியில போட்டா நல்லாவா இருக்கும்?"

இடி விழுந்தது போல உட்கார்ந்தேன். அத்தையின் மேல் கோபப்படவும் முடியவில்லை. நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறாள். சாயங்காலம் நான் வீட்டில் என்ன சொல்வேன்? கேட்கவேயில்லை, அதனால் வேண்டாம் என்றா? கண்ணை இலையின் மேல் வைத்துக்கொண்டேன், நிமிர்ந்தால் தண்ணீர் விழுந்துவிடும்.

சோற்றுக் கரண்டி அவர் இலைக்கு மேல் வந்தது. அவர் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்து மூடினார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றார்.

கரண்டி அப்படியே நின்றது. அவர் வயிறு சத்தமாகக் கூப்பிட்டது, எல்லோருக்கும் கேட்டது. அவசரமாக பஸ் பிடித்து வந்தவர், காலையில் பசியாறவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை.

"மூணு வாரமா ஒண்ணு கேக்க வர்றீங்க டீச்சர். கேளுங்க."

கேட்டேன். 

"விடாதீங்க" என்றார் உடனே. "எதுக்கு விடணும்? ஆனா எனக்கு வேற ஒரு கவலை. உங்களுக்கு வெள்ளி, எனக்கு ஞாயிறு. ஒரு நாள்கூட ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுல இருக்க முடியாது. இதை முதல் வாரமே பேசணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள சோறு வந்துடுச்சு."

அத்தை அப்பளத்தை உடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"நான் இந்தக் கரைக்கே குடி வந்துடறேன். தினம் ரயில்ல போயிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுல இருப்பீங்க, எனக்கு வேலை. சரி. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை, நான் வீட்டுல. அன்னைக்கு நான் சமைச்சு, மத்தியானம் உங்க பள்ளிக்கூடத்து வாசலுக்குக் கொண்டாந்து தரேன். ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். சாம்பார் நல்லாவே வைப்பேன். மீன் குழம்புதான் இன்னும் கைக்கு வரல. போன வாரம் தீஞ்சுபோச்சு."

ஒரு ஆண்பிள்ளை, எனக்காக, சிங்கப்பூரில் ஏதோ ஒரு அறையில், மீன் குழம்பைத் தீய்த்துப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். வாயாடி, வாயாடி என்று ஊரே சொல்லும் எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை இலையிலிருந்து எடுத்தார். முகம் வாடியிருந்தது. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. தலையைக் குனிந்து பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

அப்போதுதான் எனக்குக் குரல் திரும்பி வந்தது.

"எனக்குச் சம்மதம்" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். இரண்டு காதும் சிவந்தன. கன்னம் நிறையச் சோறு. கண்ணை என் மேல் வைத்தபடி, அத்தை பார்க்க, கரண்டியோடு நின்றவர் பார்க்க, அந்தச் சோற்றோடேயே வாயைத் திறந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். அடுப்படியில் இருந்த அந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.