நாற்காலிக்கு மேலே பார்த்த ரோபோ

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பேய் என்றால் நானும் சிரித்தவன்தான். ஆனால் இது எனக்கே நடந்தது. நெஞ்சில் இன்னும் வலி இருக்கிறது.

நான் ரோபோ வடிவமைப்பவன். மருந்துப் பெட்டிகள் அடுக்க ஒரு கிடங்குக்குச் செய்து கொடுத்தேன். கூட வேலை செய்பவர்கள் பயப்படக் கூடாதென்று அதன் திரையில் இரண்டு கண்கள் வரைந்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவில் ஆள் தெரிந்தால் கண்கள் திறந்து அவர் முகத்தைப் பார்க்கும். கை உடனே நின்றுவிடும். ஆள் இல்லையென்றால் கண்கள் மூடியே இருக்கும்.

மறுநாள் அதன் பக்கத்து நாற்காலியில் வேலைக்கு உட்காரப்போவது என் தங்கை. புருஷன் இறந்துபோன பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை.

"உன் செல்லப்பிள்ளை என்னை அடிக்காதுல்ல, அண்ணா?"

"உன் மேல ஒரு துரும்புகூடப் படாது."

முந்தின நாள் மாலை 5.40. எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியாக ஒருமுறை சோதிக்கலாம் என்று ரோபோவை இயக்கினேன்.

கண்கள் திறந்தன. காலி நாற்காலியைப் பார்த்தன... இல்லை, அதற்கு மேலே. ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில்.

கேமராவில் தூசியாக இருக்கும் என்று நானே போய் உட்கார்ந்தேன். கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலேயே நின்றன.

விர்ர்ர்... கை நீண்டது.

நெஞ்சில் முட்டியது. நிற்கவில்லை. நாற்காலியோடு சேர்த்து அழுத்தியது.

மேஜை ஓரத்தில் ரோபோவை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். மறுபடி குத்தினேன்.

மூச்சு வரவில்லை... "விட்டுடு!" என்று கதறினேன். ரோபோவிடம் அல்ல.

கை நின்றது.

கண்கள் மெல்ல நகர்ந்தன... என் தலைக்கு மேலிருந்து கதவு வரை... பிறகு மூடிக்கொண்டன.

இரவெல்லாம் தங்கைக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தாள். விடிந்ததும் கிடங்குக்கு ஓடினேன். அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள், பாவி.

"எழுந்திருடி!"

"கைய விடுண்ணா, எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு இந்த வேலை வேணும்."

மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்.

"இப்ப ஓட்ட முடியாது சார். லென்ஸ்ல கீறல்னு கேமராவ நேத்து மத்தியானமே கழட்டிட்டேன். புதுசு இப்பதான் வந்துச்சு."

அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தங்கை சிரித்துக்கொண்டே ரோபோவைக் காட்டினாள்.

"அப்ப இது யாரைப் பாக்குது?"

கண்கள் திறந்திருந்தன... அவள் தலைக்கு மேலே.