நீலம் பூசிய புழுக்கள்

குருநகர் கத்தரீனாவுக்கு நாற்பத்தாறு வயது. கணவர் லியோன் கடலுக்குப் போகிறவர். விற்று மிஞ்சும் மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவது அவளுடைய வேலை. சென்ற ஆண்டு மழை விட்ட கையோடு கருவாட்டுக் கொட்டிலில் புழு பிடித்தது. மயிர் அடர்ந்த புழு. கறுத்த சின்ன வண்டொன்றின் குஞ்சு.

அயலில் எல்லோரும் அதை எப்படிக் கொல்வதென்றுதான் யோசித்தார்கள். கத்தரீனாவுக்கோ வேறொரு கேள்வி. பொடிப் புழுக்கள் கருவாட்டை விட்டு அசைவதில்லை. தின்று கொழுத்தவை மட்டும் திடீரென்று காணாமற் போகின்றன. எங்கே போகின்றன?

அதே வாரம் லியோனின் ஐஸ் பெட்டியில் ஓட்டைகள் தெரிந்தன. அது ரெஜிபோம் என்கிற, பாரமில்லாத வெள்ளை நுரைப்பொருளால் ஆன பெட்டி. கொட்டில் சுவருக்கு அந்தப் பக்கம், விறாந்தையில் இருப்பது. எலியின் வேலை என்று சொல்லி லியோன் பொறி வைத்தார். எலி விழவில்லை.

கத்தரீனா உடுப்புத் தோய்க்கும் பேசினை எடுத்தாள். பாதியைச் சாக்கால் மூடி, நடுவில் இருபது கொழுத்த புழுக்களை விட்டாள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பதினெட்டு சாக்கின் கீழே இருட்டுக்குள் போய்விட்டன. மற்ற இரண்டும் முதலே செத்தவை என்பதைப் பிறகுதான் கவனித்தாள்.

அடுத்ததாக அந்தப் பதினெட்டுக்கும் தேங்காய் உரித்த பொச்சு, பலகைத் துண்டு, பெட்டியில் உடைத்த ரெஜிபோம் மூன்றையும் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பொச்சில் ஒன்றுமில்லை. பலகையில் நான்கு. ரெஜிபோமில் பதினொன்று துளைத்துப் புகுந்திருந்தன. மிச்சம் மூன்றும் பேசினில் அலைந்துகொண்டிருந்தன.

ஆனால் கொட்டில் புழுதான் சுவரைத் தாண்டிப் பெட்டிக்குப் போகிறதா என்ற சந்தேகம் தீரவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தூளில் முப்பது புழுக்களைப் புரட்டினாள். மயிரில் தூள் நன்றாகவே ஒட்டியது. அவற்றைக் கொட்டிலில் விட்டாள். ஞாயிறு பூசையில், விரல்கள் ஏன் நீலமாயிருக்கின்றன என்று பக்கத்து வீட்டு மார்கிரட் கேட்க, புழுவுக்குப் பூசியது என்றாள். மார்கிரட் வாங்குப் பலகையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் லியோனின் பெட்டியைப் பிளந்து பார்த்தாள். பிறகு ஒரு புழுவை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"இஞ்சரப்பா, உங்கடை எலியைப் பாருங்கோ."

லியோன் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "உது சுவரைத் தாண்டியோ வந்தது?"

"ஓம். நீலம் பூசி விட்டதிலை ஆறு உங்கடை பெட்டிக்குள்ளை கிடக்கு."

"ரெஜிபோமைத் தின்னவோ வந்தது?"

"இல்லை, கூட்டுப்புழுவாகிப் படுக்க. கருவாட்டிலை படுத்தால் மற்றப் புழுக்கள் தின்னுமெண்டு பயம் போலை."

லியோன் சிரித்துக்கொண்டே போய்ப் பொறியைக் கழற்றினார்.

பழைய பெட்டியைத் துண்டுதுண்டாக உடைத்து, கொட்டிலின் இருட்டு மூலைகளில் வைத்தாள். நாலு நாளைக்கொருமுறை அவற்றை எடுத்துக் கொதிநீரில் போட்டாள். அடுத்த தடவை கருவாடு போட்டபோது புழு அடியோடு ஒழியவில்லை. ஆனால் கையால் பொறுக்கித் தீர்க்கும் அளவுக்குக் குறைந்திருந்தது. லியோன் கரையில் கதை சொன்னபோது ஒரு சுவர் மூன்று சுவராகிவிட்டது.

பிறகொரு நாள் மார்கிரட் வந்து, தன்னுடைய கருவாட்டிலும் புழு என்றும், பேசினைத் தர முடியுமா என்றும் கேட்டாள். மீதி நீலத்தூளையும் எடுத்துக்கொண்டு கத்தரீனா கூடவே போனாள்.