பரிசும் பரிசமும்

மகளே, நீ கோயம்புத்தூரில் இருக்கிறாய், நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. உன் தம்பிக்குத் தெரியும். ஆனாலும் அவனும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் விடாத மழை. திராட்சைக்கு மருந்தடிக்க முடியாமல் பகலிலேயே தோட்டத்திலிருந்து திரும்பிவிட்டேன். உன் தம்பி மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். இருபத்தேழு வயது ஆள். ஆபீஸ் வேலையும் அதில்தான், விளையாட்டும் அதில்தான். ஓடைப்பட்டியில் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம்.

திரையில் ஒரு வீரன். நடப்பது, பேசுவது, சண்டை போடுவது எல்லாம் இவன் சொற்படி. யாராவது ஏதாவது கேட்டால் திரையில் மூன்று பதில் வரும், இவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வீரன் அதைச் சொல்வான். சாராயக்கடையில் நின்ற ஒரு பெண்ணுக்கு வீரன் பாசிமாலை கொடுத்தான், மோதிரம் கொடுத்தான். கொடுக்கக் கொடுக்க, அவள் தலைக்கு மேல் இருந்த இதயப் படம் சிவப்பாக நிறைந்துகொண்டே வந்தது.

"ஏய்யா, பரிசம் போடுறியா?" என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பரிசம் இல்லப்பா, பரிசு. இது நெறஞ்சா அவ சம்மதிப்பா, அம்புட்டுத்தான்."

நிறைந்தது. இருவரும் ஓர் அறைக்குள் போனார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அங்கே விடிந்திருந்தது. அந்தப் பெண் பழைய இடத்திலேயே நின்று, முதலில் பேசியதையே பேசினாள். வாங்க, என்ன வேணும் என்கிறாள் என்று இவன் தமிழில் சொன்னான். நேற்று வந்தவன் யாரென்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்காதா என்று கேட்டேன். அதற்குமேல் கதை எழுதவில்லையாம். எல்லா விளையாட்டும் இப்படி இல்லை, சிலதில் கடைசிவரை கூடவே வருவார்கள், கோபித்துக்கொண்டு போவதும் உண்டு என்றான். இருக்கலாம். இருவரும் சம்மதித்துத்தான் உள்ளே போனார்கள், அதையும் நான் குறை சொல்லவில்லை. அந்த விடிகாலையைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. நமக்கெல்லாம் பரிசம் போட்ட பிறகுதானே எல்லாம் ஆரம்பிக்கிறது? காய்ச்சல், சண்டை, சம்பந்தி வீட்டுச் சாவு, உப்புக் கூடிய குழம்பு. அங்கே பிறகு என்று ஒன்றே இல்லை.

தையில் கல்யாணம் முடிந்தது. நீயும் வந்து நாலு நாள் இருந்தாய். பெண் நல்ல பெண், வாயாடியும்கூட. பிறகு அவள் பேச்சுக் குறைந்தது. அவள் முகம் வாடினால் இவன் ஏதாவது வாங்கி வருவான். கம்மல், செல்போன், பட்டுச்சேலை. என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் சொல்ல முடியாததை அவள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்:

"கதவச் சாத்துற வரைக்கும் ஆசையாப் பேசுறாக அத்தே, விடிஞ்சா நான் யாரோன்னு இருக்காகங்கிறா."

ஆடிக்கு அவளை அவள் அப்பா வந்து அழைத்துப்போனார். வழக்கம்தானே, யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஆவணி பிறந்தும் அவள் வரவில்லை.

இவனைக் கூட்டிக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் போனேன். வழியில் உத்தமபாளையத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு செயின் வாங்கினான். வேண்டாமய்யா, முதலில் பேசு என்றேன். கேட்கவில்லை. அங்கே போய் அவள் முன்னால் டப்பாவை வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"இன்னும் எம்புட்டு வச்சா நெறையும்னு நெனக்கிறீக?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "மாமா, நான் எது கேட்டாலும், மூணு பதில்ல எது சரின்னு தேடுற மாதிரியே முழிக்கிறாக. எனக்குச் சரியான பதில் வேணாம். இவுக பதில் வேணும்."

அப்போதும் இவன் முழித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சம்பந்தியம்மா காபி கொண்டுவந்தார், யாரும் எடுக்கவில்லை.

திரும்பும்போது அனுமந்தன்பட்டி தாண்டியதும், பின்னால் உட்கார்ந்திருந்தவன் கேட்டான். "நான் என்ன சொல்லியிருக்கணும்ப்பா?"

காற்றில் கேட்காத மாதிரி வண்டியை ஓட்டினேன். எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் நான் என்ன சொல்லி இத்தனை வருஷம் ஓடியது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வார்த்தையாக வரவில்லை. விளையாட்டுதான் அவனைக் கெடுத்தது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதுவாவது அவனுக்கு மூன்று பதில் காட்டியது.

இப்போது மார்கழி. அவள் வரவில்லை, இனி வருவாள் என்று அவள் வீட்டிலும் சொல்லவில்லை. அவன் மாடியில் இருக்கிறான். சாப்பிட வாய்யா என்று மட்டும் கூப்பிடுகிறேன்.