புதன்கிழமை அரை மணி நேரம்

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொறாமை. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவரிடம் நகை இருக்கிறது, மகன்மார் கட்டாரிலிருந்து அனுப்பிய பெரிய டிவி இருக்கிறது. அதையெல்லாம் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது.

தெருவே அவரை, அக்கா என்ற அர்த்தத்தில், ராத்தா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நாவலப்பிட்டியில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்று, கணவர் போன பிறகு திகனையில் மகன் வீட்டுக்கு வந்த எனக்கு முதலில் பழக்கமானவர் அவர்தான். அப்போதெல்லாம் வயதானவர்களுக்கு எது வேண்டுமென்றாலும் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். முதியோர் அட்டைக்கு மாடியில் ஓர் இடம், மூக்குக்கண்ணாடிக்குக் கீழே ஓர் இடம், கையெழுத்துக்கு இன்னோர் இடம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறிப்போய், ஒரே வாங்கில் உட்கார்ந்து உத்தியோகத்தர்களைத் திட்டிவிட்டு, வரும் வழியில் வடை வாங்கித் தின்போம். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு எல்லாவற்றையும் மாற்றி ஒன்றாக்கினார்கள். இனி அலைய வேண்டாம், ஓர் உத்தியோகத்தர் வீடு தேடி வருவார் என்றார்கள். ஆனால் தனியாக இருப்பவர்களுக்கு மட்டும். பிள்ளைகளோடு இருப்பவர்களின் வேலையைப் பிள்ளைகளே போனில் முடித்துவிடலாமாம். கிராம சேவகர் எழுதிய பட்டியலில் ராத்தா இருந்தார், நான் இல்லை.

ஸ்கூட்டரில் வந்தது தெல்தோட்டைப் பக்கத்துப் பெண்பிள்ளை. நன்றாகத் தமிழ் பேசும். பிரஷர் பார்த்து, மருந்தைச் சரிபார்த்து, அரை மணி நேரம் உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போகும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், புதன்கிழமைகளில் மழை பெய்தாலும் நான் மதிலோரம் துணி காயப்போடுவேன். ராத்தாவின் சிரிப்பு கேட்கும். அவ்வளவு சிரிக்க அந்த வீட்டில் என்னதான் இருக்கிறதோ என்று துணியைப் போட்டு உதறுவேன்.

"டீச்சர், எனக்கு பிரஷர் நல்லா இருக்காம். அந்தப் புள்ள செல்லிட்டுப் போகுது," என்பார் ராத்தா, நான் கேட்காமலே.

பிரஷர் பார்க்கும் மெஷின் என்னிடமும் இருக்கிறது. மகன் கண்டியில் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து அலுமாரியில் வைத்திருக்கிறான். அது எண்ணைக் காட்டும். நேற்று தூங்கினீர்களா என்று கேட்காது. மகனும் மருமகளும் விடிந்ததும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். வந்தால் களைப்பு. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு புதன்கிழமை பொறுக்க முடியாமல் அந்தப் பிள்ளையை மதிலோரம் பிடித்துவிட்டேன். "என்னையும் லிஸ்ட்ல போட ஏலாதா?"

"மகனோட இருக்கீங்கதானே டீச்சர்," என்றது. பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்ததோ, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தது. "பகல்ல தனியா இருக்கிறவங்களுக்கும் ஒரு ஃபோம் இருக்கு. தமிழ் ஃபோம் முடிஞ்சிருச்சு, இது சிங்களத்துல. வீட்ல உள்ளவங்க நிரப்பிக் கையெழுத்துப் போடணும்."

எனக்குச் சிங்களம் சந்தையில் பேசும் அளவுக்குத்தான். எழுத வராது. அதாவது, எனக்கு யாருமில்லை என்று என் மகனே எழுதித்தர வேண்டும். அந்தத் தாளை மூன்று நாள் வேதப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தேத்தண்ணி குடிக்கும்போது அவன் முன்னால் வைத்தேன். அவன் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துத் தமிழில் சொன்னான். வயது. நோய் வருத்தங்கள். மருந்துகள்.

"பகல்ல உங்களோட யார் இருக்காங்க?"

"யாருமில்லன்னு எழுது."

எழுதினான். அடுத்த கேள்விக்கு அவன் குரல் இறங்கியது. "கடந்த ஏழு நாள்ல உங்களோட உட்கார்ந்து கதைச்சது யாரு?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் பூசையிலிருந்து வந்த கையோடு எப்படிப் பொய் சொல்வது? மருமகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

"ராத்தான்னு எழுது," என்றேன். அவருடைய பிரஷரைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருந்தார், இருந்தாலும் உட்கார்ந்துதானே பேசினார்.

அதையும் எழுதினான். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

"அம்மா, நான் வேணும்னா புதன்கிழமைகள்ல லீவு போட்டு வீட்ல இருக்கவா?"

எவ்வளவு நாள் காத்திருந்த கேள்வி அது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"வேணாம்ப்பா. நீ இருந்தா அந்தப் புள்ள வராது."